அருஞ்சொல்லும் அறிந்ததெனத் தோன்றுஞ் சொல்லும்

திருவாசகத்தின் முதற்கண் நிற்பது சிவபுராணம். 95 அடிகளான் இயன்ற அதனை நாடோறும் காலையினும் மாலையினும் ஓதுவார் சைவருள் மிகப் பலர். அவருட் பெரும்பாலார் அதனை நெட்டுருச் செய்தவர்; ஏட்டின் துணை வேண்டாது இடையறாமல் ஓதவல்லவர். ஆயின், அதன் இறுதியில் ஓதுவார் எய்தும் பயனை வகுத்தருளிய மாணிக்கவாசக சுவாமிகள், வாளா ஓதுவாரை அங்கு எடுத்துக் கூறினாரல்லர். பாட்டினது கருத்தைத் தெரிந்து ஓதுவாரையே எடுத்துக் கூறினார். ஓதப்படும் நூலே தன்னை ஓதும் முறை இன்னதென வரையறுத்து நிற்றலின், சொற்பொருளாராய்ச்சி புலவர்க்கு மட்டும் உரியதொரு பொழுதுபோக்கு அன்று, வழிபாட்டின் ஓர் உறுப்பேயாம் என்பது பெறப்படும்.

அங்ஙனம் பொருள் தெரிந்து ஓதுவதற்குத் தடையாய் நிற்பன அருஞ்சொற்களே என்பது பலரும் கூறுவது. அது மெய்யே. ஆயினும், அருஞ்சொல் எனப்படுவது யாது என்னும் வினாவை எழுப்பி விடை கண்டார் சிலரே. கேட்ட அளவில் விளங்காத சொல்லே அருஞ்சொல் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. திருமுறைப் பதிப்புக்கள் சிலவற்றின் இறுதியிற் சேர்க்கப்படும் அரும்பதவுரைகளும் இக்கொள்கை பற்றியே எழுந்தன. 'பிஞ்ஞகன்', 'விடக்கு' என்பன போலும் சொற்கள் அவற்றில் தவறாது இடம்பெறும். 'நாற்றம்', 'மாற்றம்' என்பன இடம்பெறா. முன்னையவற்றைக் கண்டவுடன் படிப்பவன் நின்று பொருள் தேடுவான். பின்னையவற்றைக் கண்டவிடத்து நில்லாது கடந்து செல்வான். நின்றவன் பிழையினின்றும் தப்பினான், கடந்தவனே பிழைபட்டான். ஆகலின் அருஞ்சொல் இருவகைத்து: அறியாததெனத் தோன்றுவது ஒன்று, அறிந்ததெனத் தோன்றி உண்மையில் அறியப்படாதது மற்றொன்று. இவ்விரண்டனுள் பின்னதே பெரிதும் அரியது என்பதும், அது பட்டியலால் அன்றி அன்றாட ஓதலாலும் சிந்தனையாலுமே கைவரும் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சிக்கு வழிகாட்டியாய் நிற்பவர் ஆசிரியர் தொல்காப்பியனார். உரியியலில் அவர், வெளிப்படையாக விளங்கும் சொற்களை எடுத்தோத வேண்டுவதில்லை என்றும், வெளிப்படாத உரிச்சொற்களையே எடுத்தோதுவல் என்றும் வரையறை செய்துகொண்டார். அவ்வரையறையின்படி அவர் எடுத்தோதிய சொற்களை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். நோய் என்னும் பொருளுடையனவாகப் 'பையுள்', 'சிறுமை' என்னும் இரண்டனையும் ஒரே சூத்திரத்தில் வைத்தார். இக்காலத்தார் ஒருவர் இச்சூத்திரத்தைப் பயிலின், பையுள் என்பதனை மட்டுமே அருஞ்சொல் எனக் குறித்துக்கொள்வர். சிறுமை என்பது தமக்குத் தெரிந்த சொல்லே என்று விடுவர். ஆசிரியரோ இரண்டனையும் ஒப்ப வைத்தார். சிறுமை என்னும் சொல்லை அறிதல் வேறு, அது நோயைக் குறிக்குமிடத்தை அறிதல் வேறு என்பது அவர்க்குத் தெள்ளிதின் விளங்கியிருந்தது.

இன்னும், எடுத்தோதிய சொற்களுக்குத் தாம் கூறிய பொருளே முடிந்த முடிபு என்று அவர் கூறினாரல்லர். கூறிய பொருளின் வேறாய பொருள் தோன்றுமாயின் அதனையும் உடன்கொள்க என்றார். முன்னும் பின்னும் வருஞ் சொற்களை நாடி, அவற்றொடு பொருந்தப் புணர்த்து உணர்த்துக என்றார். ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லாற் பொருள் கூறி, அதற்கும் பொருள் யாதென வினாவிக்கொண்டே செல்லின் அதற்கு எல்லையில்லை என்பதும், உணர்ச்சியின் வாயில் உணர்வாரது வன்மையைப் பொறுத்தது என்பதும் அவர் காட்டியனவேயாம். இவை அனைத்தையும் தொகுத்து நோக்கின், சொல்லின் பொருள் பட்டியலில் முற்றுப்பெறுவதன்று, படிப்பவனது நாட்டத்தில் முற்றுப்பெறுவது என்பதே ஆசிரியர் கருத்தெனக் கொள்ளல் தகும்.

இனி, நிகண்டுகளின் பயன் யாது என வினாவலாம். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் தமிழ்க் கல்வியைப் பன்னூறாண்டு தாங்கிய தூண்கள். திண்ணைப் பள்ளியில் மாணாக்கர் சூடாமணி நிகண்டை வாய்ப்பாடமாக ஒப்புவித்த காலத்தில், நூல்களைக் கற்கப் புகுமுன்னரே சொல்வளம் நெஞ்சில் நிறைந்திருந்தது. மண்டலபுருடர் அந்நிகண்டின் பதினோராந் தொகுதியில் ஒருசொற் பல்பொருள்களை எதுகை முறையில் நிரல்பட வைத்ததும், வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதியில் சொற்களை அகரநிரலில் அமைத்ததும், சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டதும் கற்பார்க்குச் செய்யப்பட்ட பேருதவிகளாம். இவற்றை இகழ்வது நன்றியின்மை.

ஆயினும் நிகண்டு செய்வது ஒன்று, செய்யாதது ஒன்று. ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் உள என அது காட்டும். இவ்விடத்து இப்பொருளே உரியது என அது காட்டமாட்டாது. அன்றியும், படிப்பவன் ஐயுற்று வினாவினாலன்றி அது விடை கூறாது. ஐயுறாதவன் நிகண்டைத் திறப்பதே இல்லை. அறிந்ததெனத் தோன்றுஞ் சொல்லின்கண் ஐயத்தை எழுப்புவது எது? அதே நூலைப் பன்முறை ஓதுதலும், ஓதியதனை உள்ளத்தில் ஒப்புநோக்குதலுமேயாம். இதனை இரண்டு இலக்கியங்கொண்டு காட்டுதல் தகும்.

முதலாவது சிவபுராணம். அதன் தொடக்கத்தில் இறைவன் புறத்தார்க்குச் 'சேயோன்' எனப்படுகின்றான். சேயோன் என்பது தொல்காப்பியத்துக் குறிஞ்சித் திணைக்குரிய தெய்வமாகிய முருகவேளின் பெயர். நிகண்டு வல்லார்க்கு முதலில் தோன்றுவதும் அப்பொருளே. 'சேய்' என்பதற்குச் செம்மை, மகன் என்னும் பொருள்களும் உள. இவற்றுள் ஒன்றைக் கொண்டு சிவபெருமான் செம்மேனியன் ஆகலின் அவ்வாறு கூறப்பட்டான் எனப் பொருளுரைத்தல் எளிது, கேட்பார்க்கும் இன்பந்தரும். ஆயின், புறத்தார்க்கு மட்டும் செம்மேனியன், அகத்தார்க்கு அல்லன் என்பது பொருந்துமோ? முன்னுள்ள சொல்லை நாடியவுடன் அப்பொருள் வீழ்ந்துபடும். பின்னர் அப்பாட்டிலேயே இறைவன் 'சேயாய்' என்றும் 'நணியான்' என்றும் அடுத்தடுத்து விளிக்கப்படுகின்றான். நணியான் அண்மையிலுள்ளவன்; ஆகவே சேயான் தொலைவிலுள்ளவன். பின்னே நின்ற இணைச்சொல் முன்னே நின்ற தனிச்சொல்லுக்கு உரையாய் அமைந்தது. அன்பிலாப் புறத்தார்க்கு எட்டாதவன், அன்பர்க்கு அணியன் என்னும் சித்தாந்தப் பொருள் இதனாற் பெறப்பட்டது. நாடோறும் இரண்டிடத்தையும் ஓதுகின்ற ஒருவன், ஒருநாள் ஓரிடத்தை ஓதுங்கால் மற்றோரிடத்தை நினைப்பானாயின், அவனுக்கு அகராதி வேண்டுவதில்லை.

'நாற்றம்' என்னும் சொல்லும் அவ்விடத்தே உளது. இற்றை வழக்கில் அது தீய மணத்தையே குறிக்கும். பண்டு அது மணம் என்னும் பொதுப்பொருட்டாய் நின்று நறுமணத்திற்கே மிகுதியும் வழங்கிற்று. திருக்குறளிற் குறிப்பறிவுறுத்தல் என்னும் அதிகாரத்தில், அரும்பினுள் அடங்கிக் கிடக்கும் மணத்தைச் சுட்ட இச்சொல்லே ஆளப்பட்டமை காண்க. இதனைச் சார்ந்து நிற்கும் 'நேரியாய்' என்பதனை, நேர்மையுடையவனே எனக் கொள்வார் உளர். மணத்திற்கும் வாய்மைக்கும் இயைபு யாது என அவர் வினாவிக்கொண்டாரல்லர். நேர்மை என்பது நுண்மை என்னும் பொருளும் உடையது. மலரின்கண் மணம் கண்ணுக்குப் புலனாகாது நுண்ணிதாய் நிறைந்திருத்தல் போல இறைவன் உயிர்க்குயிராய் நிறைந்துள்ளான் என்பதே ஈண்டுக் கருத்து. இறைவனது கலப்பைக் கூறும் இச்சிறந்த உவமை, இரண்டு எளிய சொற்களை அறிந்தனவாகக் கருதியதனால் ஓதுவார் பலர்க்குக் கிட்டாது போகின்றது.

'மாற்றம்' என்னும் சொல்லின் நிலை இவற்றினும் வியக்கத்தக்கது. அஃது அப்பாட்டில் இருமுறை வருகின்றது. ஓரிடத்து அது சொல் என்னும் பொருட்டு. வாக்கும் மனமும் கடந்து இறைவன் நிற்கும் நிலையை உணர்த்துவது. மற்றோரிடத்து அது வேறுபாடு என்னும் பொருட்டு. நிலையின்றி மாறும் உலகினை உணர்த்துவது. ஒரே ஆசிரியர், ஒரே பாட்டில், ஒரே சொல்லை இருபொருளில் ஆண்டார். அரும்பதவுரையில் 'மாற்றம்' என ஒருமுறை எழுதி ஒருபொருள் கூறின் ஓரிடம் விளங்கும், மற்றோரிடம் கெடும். இடத்தொடு பொருத்திக் காட்டப்படாத அரும்பதவுரை, உதவுவது போலக் கெடுத்தலும் உண்டு என்பதற்கு இஃதொன்றே சாலும்.

இரண்டாவது, திருநாவுக்கரசு சுவாமிகள் திருவையாற்றிலே பாடியருளிய, 'மாதர்' என்னும் சொல்லைத் தலைக்கொண்ட திருப்பதிகம். நான்காந் திருமுறையில் உள்ள அதனை அறியாத சைவர் அரியர். மாதர் என்பது மகளிர் என்றே இக்காலத்துப் பொருள்படும். அதனையடுத்துப் பிறையும் 'கண்ணி'யும் வருதலின், பிறைபோலும் நுதலும் கண்ணுமுடைய பெண் ஒருத்தி கூறப்பட்டாள் என மயங்குதற்கு இடமுண்டு. மலைமகளும் அவ்வடியிலேயே குறிக்கப்படுதலின் மயக்கம் வலியுறும். இதனை நீக்குதற்கு வழிகள் மூன்று உள. உரியியலில் மாதர் என்பதற்குக் காதல் என்றே பொருள் கூறப்பட்டது. இது நூலால் அறிவது. கண்ணி என்பது தலையிற் சூடும் மாலை. மார்பில் அணிவது தார். புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் இறைவன் முடியிலும் மார்பிலும் கொன்றையே விளங்குவதாகக் கூறுமிடத்து இவ்வேறுபாடு இனிது புலப்படும். இது பிற இலக்கியத்தால் அறிவது. மூன்றாவது வழியே ஓதுவார் எல்லார்க்கும் எளியது. அப்பதிகத்துத் திருப்பாட்டுக்கள் ஒவ்வொன்றும் பிறையைக் கண்ணியாகச் சூடிய பெருமானை வெவ்வேறு அடைமொழிகொடுத்துத் தொடங்குகின்றன. அவற்றுள் ஒன்று, மதிக்கு 'விரும்பு' என்பதனையே அடையாகத் தருகின்றது. மாதர் என முதற்கண் கூறியதனை அடிகளே பின்னர் விளங்கிய சொல்லால் திருப்பிக் கூறினார். பதிகம் முழுதையும் ஓதுவார்க்கு விடை பதிகத்துள்ளேயே கிடைக்கின்றது. முதற்பாட்டை மட்டும் ஓதி அமைவார்க்குக் கிடைப்பதன்று.

அற்றேல், இஃது இலக்கியச் சுவை பற்றிய ஆராய்ச்சியே. சொற்பொருள் சிறிது பிறழினும் பத்திக்கு இழுக்கென்னை எனின், அற்றன்று. சொற்பிறழ்ச்சி கொள்கைப் பிறழ்ச்சிக்கு வித்தாதல் சாத்திரங்களிற் கண்கூடு. சிவஞானபோதத்து மங்கல வாழ்த்தில் மூத்த பிள்ளையார் 'பொல்லார்' எனப்படுகின்றார். தீயார் என்னும் வழக்குப் பொருளே இதன் பொருள் என்பான் நூலின் வாயிலிலேயே இடறி விழுவான். உளியாற் பொள்ளப்படாது தாமே தோன்றியவர் என்பதே பொருள். பொள்ளா என்பது பொல்லா என மருவிற்று. திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்ட தேவர் வழிபட்ட பிள்ளையார்க்குப் பொல்லாப் பிள்ளையார் என்பதே பெயர்.

இனி, 'அத்துவிதம்' என்னும் சொல்லை நோக்குக. இதன்கண் நிற்கும் எதிர்மறை, இன்மை, அன்மை, மறுதலை என்னும் மூன்றனுள் எப்பொருட்டு என்பதிலேயே சமயங்கள் வேறுபட்டன. இரண்டு என்பது இல்லை, பொருள் ஒன்றே எனக் கொண்டார் ஒருசாரார். மெய்கண்டார் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தில், அச்சொல் தானே வேறன்மையை உணர்த்தும் எனக் காட்டி, பொருளால் வேறாயினும் கலப்பால் பிரிவின்றி நிற்றலே அத்துவிதம் என நிறுவினார். ஓர் எழுத்தின் பொருளில் ஒரு தத்துவம் முழுதும் அடங்கிற்று. சொல்லாராய்ச்சி சிறிது என்பார் இதனைச் சிந்திப்பாராக.

இவ்விரண்டினும் நாள்வழக்கிற் பெரிதும் அடிபடுவது 'ஆணவம்' என்னும் சொல். செருக்குடையானை ஆணவக்காரன் என உலகோர் கூறுவர். அவ்வழக்கு நெஞ்சிற் பதிந்தவன் சாத்திரத்தில் ஆணவமலம் என்பதனைக் காணுங்கால், அது செருக்கே என எண்ணி, அடக்கமுடையார்க்கு அம்மலம் இல்லை என்னும் முடிவிற்கு வருவான். சித்தாந்தத்தில் ஆணவமாவது, உயிரின் அறிவு இச்சை செயல்களை அநாதியே மறைத்து நிற்பது. செம்பிற் களிம்பு போலவும் நெல்லுக்கு உமி போலவும் உடன் உள்ளது. கேவல நிலையில் உயிர் யாதொரு செருக்கும் இன்றிக் கிடக்கும். ஆயினும் ஆணவத்தின் மறைப்பு அங்கேதான் முழுமையாக உளது. ஆகலின் செருக்கு ஆணவத்தின் காரியங்களுள் ஒன்றாவதன்றி ஆணவமே ஆகாது. இவ்வேறுபாட்டை அறியாதவன், பணிவு ஒன்றனையே பயின்று பாசம் நீங்கிற்று எனக் கொண்டு திருவருளின் இன்றியமையாமையை மறந்தொழிவான். ஒரு சொல்லை அறிந்ததாகக் கருதியதன் விளைவு இத்துணைப் பெரிது.

உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் இம்மலத்தை இருளினும் கொடியதாகக் கூறினார். இருள் பிற பொருளைக் காட்டாதாயினும் தன்னைக் காட்டும். ஆணவமோ பிறவற்றையும் காட்டாது, தன்னையும் காட்டாது. அருஞ்சொல் இருவகைக்கும் இதனையே உவமையாகக் கொள்ளலாம். அறியாத சொல் இருள் போல்வது. தான் இருளாதலைத் தானே காட்டி விளக்கைத் தேடச் செய்யும். அறிந்ததெனத் தோன்றுஞ் சொல்லோ பொருளை மறைத்தலே அன்றி, மறைத்த செய்தியையும் மறைத்து நிற்கும். முன்னதற்கு மருந்து நிகண்டு. பின்னதற்கு மருந்து சிந்தனையே.

அற்றேல், ஒவ்வொருவரும் தத்தம் சிந்தனைக்கேற்பச் சொற்களைப் பிரித்தும் திரித்தும் புதுப்பொருள் காணப் புகுவரே எனின், அது சிந்தனையன்று, கற்பனை. சொற்பொருளின் காரணம் பார்த்த மாத்திரத்தே தோன்றாது எனத் தொல்காப்பியனார் எச்சரித்தது இத்தகையாரை நோக்கியேயாம். சிந்தனைக்கு எல்லைகள் உள. முன்பின் வருஞ் சொற்கள் ஓர் எல்லை. அவ்வாசிரியர் பிறாண்டு ஆண்ட ஆட்சி ஓர் எல்லை. உரையாசிரியர் மரபு ஓர் எல்லை. இவற்றால் துணியலாகாதவிடத்துத் துணியாது விடுதலும் அறிவே. சிவபுராணத்துக் 'கோகழி' திருப்பெருந்துறை என்பாரும் திருவாவடுதுறை என்பாரும் உளர். இடப்பெயரை வாக்கியத்தின் இயைபு கொண்டு மட்டும் துணிதல் இயலாது. ஆண்டு இரு கொள்கையையும் உளங்கொண்டு நிற்றலே முறை.

ஆகவே, பதிப்பாசிரியர் செய்யற்பாலது ஒன்று, ஓதுவார் செய்யற்பாலது ஒன்று உளது. பதிப்பாசிரியர் அரும்பதவுரை வகுக்குங்கால், வழக்கிற் பொருள் மாறிய எளிய சொற்களையே முதலிற் சேர்த்தல் வேண்டும். பொருளோடு இடத்தையும் குறித்தல் வேண்டும். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் தம் பதிப்புக்களின் இறுதியிற் சேர்த்த அரும்பத முதலியவற்றின் அகராதி, சொல் வந்த இடத்திற்குப் படிப்பவனைத் திருப்பி அனுப்புவது. அவனது தேடலை முடித்துவைப்பதன்று, தொடங்கிவைப்பது. திருமுறைகளுக்கும் அம்முறையே தக்கது.

ஓதுவார் செய்யற்பாலது அரியதன்று. ஒரு நாளைக்கு ஒரு பதிகம் ஓதுக. அதன்கண் தெரியாத சொல்லைக் குறித்துக்கொள்க. அதனோடு, நன்கு தெரிந்ததெனத் தோன்றும் சொல் ஒன்றனையும் எடுத்து, வழக்குப் பொருளை அவ்விடத்து வைத்துப் பார்க்க. பொருந்தாதாயின் அதே பதிகத்திலும் பிற பதிகங்களிலும் அச்சொல் வருமிடங்களை நினைவிற் கொணர்க. பின் நிகண்டை நாடுக. அதன்பின் வல்லாரை வினாவுக. ஞானநெறிக்குச் சிவஞான சித்தியார் கூறும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்னும் நான்கனுள் முன்னைய மூன்றும் சொல்லொன்றை அறிதற்கண்ணும் இம்முறையே அமைந்து கிடத்தல் காணலாம். விரைந்து ஆயிரஞ்சொல் மனனஞ் செய்தவனினும், இவ்வாறு ஆண்டுதோறும் சில சொற்களை உரிமையாக்கிக்கொண்டவனே திருமுறைக்கு அணியனாவான்.

'ஓர்தல்' என்பது ஆராய்ந்து உணர்தல். அச்சொல் இற்றைப் பேச்சுவழக்கில் அருகிற்று. 'ஓர்' என்ற அளவில் ஒன்று என்னும் எண்ணுப்பெயரே பலர்க்குத் தோன்றும். சிவபுராணத்தில் 'ஓராதார்' என வருமிடத்து, இறைவன் ஒளியாயிருந்தும் அவருள்ளத்திற் புலப்படாது மறைந்து நிற்பன் எனச் சுவாமிகள் அருளினார். அவ்விடத்தை ஓதுவான் ஒருவன் அச்சொல்லின்முன் ஒருகணம் நின்று, இதற்குப் பொருள் யாது எனத் தன்னைத்தானே வினாவுவானாயின், அவ்வினாவே ஓர்தலின் தொடக்கமாம்.

திருச்சிற்றம்பலம்